சங்கீதம் முடியும் வரை

சாரல் விழுகிற நாளில் காப்பி சீக்கிரம் ஆறிவிடும் ஐயா, முதலில் குடித்துவிடுங்கள். அந்த நாற்காலிக்கு ஒரு கால் ஆடும். சுவரோரமாக நகர்த்திப் போட்டுக்கொண்டால் சரியாக இருக்கும்.

தென்காசியிலிருந்து இந்த மழையில் குற்றாலம் வரைக்கும் எதற்காக வந்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். அடுத்த வீட்டு ஜாஹிரா பீவி உங்களைத் தேடி வந்து ஏதோ சொல்லியிருக்கிறாள். என் வீட்டுக்காரரை அடக்கம் பண்ணின அன்றைக்கு, புருஷனுடைய கட்டிலண்டையில் கடைசி மூச்சு வரைக்கும் வசனம் சொல்லிக்கொண்டிருந்த உத்தமி என்று என்னைப் பற்றிப் பிரசங்கம் பண்ணினீர்கள். ஜாஹிரா சொன்னது வேறு மாதிரி இருக்கிறது. எது உண்மை என்று கேட்க வந்திருக்கிறீர்கள். இரண்டும் உண்மைதான்.

ஒளிக்க வேண்டிய அவசியம் எனக்கில்லை. ஆனால் நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் நடுவில் எதுவும் கேட்காதீர்கள். அந்த ஒரு மரியாதையை மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

என் அப்பா வீரகேரளம்புதூரில் உபதேசியாராக இருந்தார். ஓலை வேய்ந்த வீடு. ஒரு ஐப்பசி மழையில் கூரை ஒழுகி, எங்களிடம் இருந்த ஒரே வேதாகமம் நனைந்து ஊறிப்போனது. அம்மா அதை வெயிலில் விரித்துக் காயவைத்தாள். தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன, பிரித்தால் கிழிந்தன. நான் அப்போது சின்னப் பிள்ளை. இனிமேல் இதை ஒழுகாத இடத்தில் வைக்க வேண்டும் என்று நினைத்தேன். அன்றைக்கு மனப்பாடம் பண்ண ஆரம்பித்தது, இத்தனை வருஷமாக நிறுத்தவில்லை. சங்கீதங்கள் நூற்றைம்பதும் தெரியும். மாற்கு சுவிசேஷம் தெரியும். ரோமர் நிருபம் தெரியும். ஏசாயாவில் பாதிக்கு மேல் தெரியும். பெருமைக்காகச் சொல்லவில்லை. ஒரு எழுத்துப் பிசகினாலும் எனக்குச் சோறு இறங்காது.

பொம்பிளைகளுக்குப் புஸ்தகத்தை விரித்துவைத்துக்கொண்டு உட்கார நேரம் ஏது? கை மாவில் இருக்கும், இல்லையென்றால் சாம்பலில் இருக்கும். வாய் மட்டும்தான் சும்மா இருக்கும். அதனால் வேலையையே சங்கீதத்தால் அளந்துவைத்தேன். இருபத்துமூன்றாம் சங்கீதம் நிதானமாகச் சொன்னால் ஒரு டம்ளர் காப்பி குடிக்கிற சூட்டுக்கு வந்துவிடும். நூற்றுமூன்று சொல்லி முடித்தால் ரசம் நுரைகூடிவிடும். நூற்றுப்பத்தொன்பது வேதத்திலேயே நீளமானது. அதைச் சொல்லி முடிப்பதற்குள் ஒரு வீட்டுத் துணி முழுவதையும் துவைத்துப் பிழிந்துவிடலாம்.

தேவபிச்சை என்னைக் கட்டிக்கொண்டு வந்தது இந்த வீட்டுக்குத்தான். முன்னறை மூன்றையும் சீசனுக்கு வருகிறவர்களுக்கு விடுவோம், சாப்பாடும் போடுவோம். அருவியில் தண்ணீர் விழ ஆரம்பித்தால் அவர் வேறு ஆளாகிவிடுவார். மதுரை, விருதுநகர், மெட்ராஸ் என்று எங்கெங்கிருந்தோ வருகிறவர்கள் அவரை அண்ணாச்சி அண்ணாச்சி என்று சுற்றிவருவார்கள். நல்ல சிரிப்பு அவருக்கு. ஊரில் அவரைப் பிடிக்காத ஆள் கிடையாது. நீங்களும் அவரோடு உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்ததை நான் பார்த்திருக்கிறேன்.

அவருக்கு என்னை வைத்து ஒரு வேடிக்கை உண்டு. வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டு வெற்றிலை போடும்போது என்னைக் கூப்பிடுவார்.

"நம்ம வீட்டுல ரேடியோ வாங்கலை. இவ இருக்கா. எந்தப் பக்கம் திருகினாலும் பாடும். ஏட்டி, நாற்பத்தாறு சொல்லு."

நான் ஆரம்பிப்பேன். வேடிக்கையாக இருந்தால் என்ன, வசனம் வசனம்தானே. பாதி போனதும் கையை நீட்டித் திருகுகிற மாதிரி காட்டி, "போதும், அணைச்சாச்சு" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். உள்ளே போய் அடுப்பங்கரையில் நின்று மிச்சத்தைச் சொல்வேன். பெரும்பாலும் அதற்குள் தண்ணீர் கேட்டுக் கூப்பிட்டுவிடுவார். என் கல்யாண வாழ்க்கையில் அவர் காதுபட ஒரு சங்கீதத்தைக்கூட நான் முழுதாகச் சொன்னதில்லை ஐயா. அடிக்கவில்லை, குடிக்கவில்லை, வேறு தப்பு எதுவும் அவரிடம் இல்லை. நடுவில் நிறுத்துவார், அவ்வளவுதான்.

எங்களுக்கு ரொம்ப நாள் கழித்துப் பிறந்தவள் நட்சத்திரம். ஐம்பத்திரண்டாம் வருஷம் அவளுக்கு ஏழு வயது. ஆனி மாதம், அருவி கொட்டுகிறது, மூன்று அறையிலும் ஆட்கள். பிள்ளைக்கு டைபாய்டு. தென்காசி டாக்டர் வந்து பார்த்துவிட்டு, இன்றைக்கு ஒரு பொழுது தாண்டட்டும் என்றார். மத்தியானம் அவள் கண்ணைத் திறந்தாள்.

"அம்மா, செட்டைச் சங்கீதம் சொல்லு."

தொண்ணூற்றொன்றுக்கு அவள் வைத்த பேர் அது. ஆண்டவர் தமது சிறகுகளால் நம்மை மூடுவார், அவர் செட்டைகளின் கீழே அடைக்கலம் புகுவோம் என்று அதில் வருகிறதல்லவா, அதனால். நான் சொல்ல ஆரம்பித்தேன். அவள் என் முந்தியைக் கையில் சுற்றிப் பிடித்துக்கொண்டாள். பாதி சொல்லியிருப்பேன், அவர் வாசல்படியில் வந்து நின்றார்.

"ஏட்டி, மதுரைக்காரங்க குளிச்சிட்டு வந்துட்டாங்க. பசியோட நிக்காங்க. இலையைப் போடு."

"இதை முடிச்சிட்டு வருதேன்."

"சங்கீதம் எங்கயும் ஓடிராது. அப்புறம் சொல்லிக்கிடலாம். எந்திரி, எந்திரி."

பிள்ளை என்னைப் பார்த்து, "மிச்சம்?" என்றாள்.

"வந்து சொல்லுதேன்" என்றேன். அவள் விரல்களைப் பிரித்து முந்தியை எடுத்துக்கொண்டு போனேன்.

சாம்பார் ஊற்றினேன். ரசம் ஊற்றினேன். அந்த மதுரைக்காரர்கள் மோருக்கு ஊறுகாய் கேட்டார்கள், அதையும் வைத்தேன். திரும்பி வந்தபோது அவள் கண் திறந்தபடியே இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து மிச்சத்தைச் சொன்னேன்.

அவரும் அழுதார் ஐயா. அழவில்லை என்று நான் சொல்லமாட்டேன். பிள்ளையின் பெட்டியை அவரே தோளில் தூக்கிக்கொண்டு போனார். அடுத்த சீசனுக்கு முன்னறைகளுக்கு வெள்ளையடித்தார். அன்றைக்கு என்னை எழுப்பிக்கொண்டு போனதைப் பற்றி அவர் ஒரு நாளும் பேசவில்லை. மறைக்கவில்லை. அப்படி ஒன்று நடந்ததே அவருக்கு ஞாபகம் இல்லை.

கல்லறையில் மண் தள்ளும்போது ஒரு பொருத்தனை பண்ணினேன். எடுத்த சங்கீதத்தை இனி முடிக்காமல் எழுந்திருப்பதில்லை. யார் கூப்பிட்டாலும் சரி, எதற்குக் கூப்பிட்டாலும் சரி.

பண்ணிவிட்டு வருஷக்கணக்காக அதை மீறிக்கொண்டே இருந்தேன். அவர் கூப்பிட்டார், நான் எழுந்து போனேன். போகாமல் இருக்க முடியுமா? அவருக்குக் கால் இருந்தது, தேடிக்கொண்டு வந்துவிடுவார். அது என் மனசாட்சியை எப்படி அரித்தது என்று உங்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. ஆண்டவரிடம் ஒரு வார்த்தை கொடுத்துவிட்டு, தினமும் ஒரு டம்ளர் தண்ணீருக்காக அதை உடைத்துக்கொண்டிருந்தேன்.

போன வருஷம் பொங்கல் கழிந்த புதிதில், பல் விளக்கப் போன இடத்தில் விழுந்தார். பாரிசவாயு. வலது பக்கம் முழுக்கப் போய்விட்டது, இடது கை லேசாக அசையும். பேச்சும் போய்விட்டது. 'த' என்கிற ஒரு சத்தம் மட்டும் வரும்.

நான் அவரைப் பார்த்துக்கொண்ட மாதிரி யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். தினமும் வெந்நீரில் துடைத்தேன். வேளைக்கு வேளை புரட்டிப் போட்டேன். கஞ்சியை வடிகட்டிக் கரண்டியால் ஊட்டினேன். அவர் முதுகில் ஒரு புண் உண்டா என்று டாக்டரிடம் கேட்டுப் பாருங்கள். "ஆஸ்பத்திரியிலகூட இப்படிக் கவனிக்க மாட்டாங்கம்மா" என்று அவரே சொன்னார். ஒன்றை மட்டும் டாக்டர் திரும்பத் திரும்பச் சொன்னார். தொண்டையில் சளி கட்டும். கரகரவென்று சத்தம் கேட்டால் உடனே ஒருக்களித்துப் போட்டு, விரலில் துணியைச் சுற்றி வழித்து எடுத்துவிட வேண்டும், தாமதிக்கக் கூடாது. எத்தனையோ தடவை அப்படிச் செய்து அவரைக் காப்பாற்றியிருக்கிறேன். இதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் தடவை நான் நினைத்துச் செய்யவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நாற்பத்தாறு சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் "த... த..." என்றார். தண்ணீர் கேட்கிறார் என்று தெரிந்தது. பழக்கத்தில் முழங்காலை ஊன்றி எழுந்திருக்கப் போனேன். எழுந்திருக்கவில்லை. எதற்கு எழுந்திருக்க வேண்டும் என்று தோன்றியது. அவரால் வர முடியாது. கடைசி வசனம் வரைக்கும் சொன்னேன். பிறகு தண்ணீர் கொடுத்தேன், குடித்தார். ஒன்றும் ஆகிவிடவில்லை.

அன்றைக்கு எனக்கு மனசு எவ்வளவு லேசாக இருந்தது தெரியுமா? பொருத்தனையைச் செலுத்திவிட்டேன். அதற்குப் பிறகு ஒரு நாளும் தவறவில்லை. அவர் தண்ணீர் கேட்பார், சங்கீதம் முடிந்ததும் கொடுப்பேன். படுக்கையை நனைத்துவிட்டுக் கூப்பிடுவார், முடிந்ததும் மாற்றுவேன். நாளாக ஆகச் சின்னச் சங்கீதங்களை விட்டுவிட்டுப் பெரிய சங்கீதங்களாக எடுத்தேன். எழுபத்தெட்டு, நூற்றைந்து, நூற்றாறு. பெரியவற்றை அடிக்கடி சொல்லாவிட்டால் மறந்துபோகும், அதுதான் காரணம்.

உங்களுக்கு ஆச்சரியமான ஒன்றைச் சொல்லுகிறேன். ஒரு நாளும் காதுகொடுத்துக் கேட்காத அந்த மனுஷன் சங்கீதங்களைக் கற்றுக்கொண்டார். முழுதாக இல்லை. ஒவ்வொன்றும் எங்கே முடியும் என்பதை மட்டும் கற்றுக்கொண்டார். கடைசி வசனம் நெருங்க நெருங்க அவர் கண் என் வாயைவிட்டு நகராது. நான் முடிக்கவும் அவர் வாயைத் திறக்கவும் சரியாக இருக்கும். கரண்டியை எடுத்து ஊற்றுவேன். எந்தப் பிரசங்கியாராலும் முடியாததை நான் செய்தேன் என்று அப்போது நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

தலையைக் குனியாதீர்கள் ஐயா. நீங்களும் கேட்டீர்கள். பெரிய வெள்ளிக்கு முன்னால் அவருக்குத் திருவிருந்து அப்பம் கொடுக்க வந்தீர்களே, அன்றைக்கு நூற்றாறு சொல்லிக்கொண்டிருந்தேன். நான் முடிக்கட்டும் என்று மரியாதையாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றீர்கள். அவர் உங்களைப் பார்த்து "த... த..." என்றார். கண்ணில் நீர் வழிந்தது. நீங்கள் என்ன சொன்னீர்கள்?

"பாருங்கம்மா, 'தகப்பனே'ங்கிறார். வசனம் உள்ளத்தைத் தொட்டிருக்கு."

"ஆமா ஐயா" என்றேன். தண்ணீர்ச் செம்பு உங்கள் முழங்கைக்குப் பக்கத்தில்தான் இருந்தது.

கண்டுகொண்டவள் ஜாஹிரா ஒருத்திதான். பழக்கடை வைத்திருக்கிற பரீதுடைய மனைவி. எங்கள் புழக்கடையும் அவர்கள் புழக்கடையும் ஒன்றையொன்று ஒட்டியது. நோயாளிக்கு என்று ஒரு நாள் மங்குஸ்தான் பழம் கொண்டுவந்தாள். நான் கட்டிலண்டையில் சொல்லிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள்.

"அக்கா, அவுக தண்ணி கேக்குதாக."

நான் நிறுத்தவில்லை. கையால் பொறு என்று காட்டினேன். அவள் பொறுக்கவில்லை. செம்பை எடுத்துத் தலையைத் தூக்கிப் பிடித்து அவளே ஊட்டினாள். அவர் அவள் கையை இடது கையால் பிடித்துக்கொண்டு விடவில்லை. நான் முடித்துவிட்டு எழுந்தேன்.

"ஓதிக்கிட்டிருக்கும்போது இப்படி நடுவுல வரலாமாட்டி?"

"எங்க வீட்டுலயும் ஓதுதோம், அக்கா. ஓதுத நேரம் பிள்ளை அழுதா எந்திரிச்சுப் போயி எடுத்துக்கிடுவோம். அல்லா அதுக்குக் கோவிச்சுக்கிட மாட்டான்."

"எங்க வழி வேற."

"நட்சத்திரம் இருந்தா உங்கள இப்படிப் பாக்கப் பொறுக்க மாட்டா, அக்கா."

அந்தப் பேரை அவள் சொல்லியிருக்கக் கூடாது. அன்றைக்கே புழக்கடைக் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டேன். அதன்பிறகு அவள் சுவருக்கு அந்தப் பக்கம் நின்றே கேட்டிருக்க வேண்டும்.

இனி நீங்கள் கேட்க வந்த நாளுக்கு வருகிறேன்.

ஆடி பிறந்து சாரல் பிடித்துக்கொண்ட நேரம். இந்த வருஷம் முன்னறைகளை யாருக்கும் விடவில்லை. மத்தியானம் கஞ்சி ஊட்டினேன், வாயைத் துடைத்தேன், போர்த்தினேன். உட்கார்ந்து நூற்றிருபத்தொன்று சொன்னேன். மலையைப் பார்த்துச் சொல்லுகிற சங்கீதம். சின்னதுதான். இந்த ஜன்னல் வழியாக மலை தெரியும், அன்றைக்கு மேகம் மூடியிருந்தது. பாதியில் அவர் தொண்டையில் கரகரப்புக் கேட்டது. முன்னால் கேட்ட மாதிரி இல்லை, உள்ளுக்குள் இழுத்தது. டாக்டர் சொன்னபடி தலைமாட்டிலிருந்த துணியை எடுத்து விரலில் சுற்றிக்கொண்டேன். சொல்லிக்கொண்டேதான் சுற்றினேன். முடிந்ததும் ஒருக்களித்துப் போட வேண்டும் என்று தயாராக இருந்தேன்.

அவரும் தயாராக இருந்தார். அந்தச் சங்கீதம் எங்கே முடியும் என்று அவருக்குத் தெரியுமே. முகம் கறுத்துக்கொண்டு வந்தது. ஆனாலும் பயப்படவில்லை, காத்துக்கொண்டிருந்தார். கடைசி வசனத்தைச் சொன்னேன். அவர் வாயைத் திறந்தார்.

இந்த இடத்தில் வார்த்தை பிசகக் கூடாது, ஐயா. எடுத்ததை முடிக்க வேண்டும் என்பதுதான் பொருத்தனை. நூற்றிருபத்தொன்று முடிந்துவிட்டது. அதோடு பொருத்தனையும் முடிந்தது. என்னை உட்காரச் சொல்லி யாரும் பிடித்து வைக்கவில்லை. ஆண்டவரும் பிடித்து வைக்கவில்லை. அடுத்த சங்கீதத்தை எடுத்தது நான்தான்.

நூற்றுப்பத்தொன்பதை எடுத்தேன்.

முதல் வசனத்திலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. சங்கீதங்களிலேயே நீளமானது அது என்று அவருக்கும் தெரியும். இடது கை போர்வைமேல் நகர்ந்து வந்து என் முந்தியைப் பிடித்தது. விரல்களைப் பிரித்து எடுத்துப் போர்வைக்குள் வைத்தேன். புழக்கடைக் கதவில் ஜாஹிரா தட்டினாள்.

"அக்கா, கதவைத் திறங்க. அவுகளுக்கு இழுக்குது, இங்கன வரைக்கும் கேக்குது. அக்கா!"

குரலைக் கொஞ்சம் உயர்த்திக்கொண்டேன். அவள் தட்டிக்கொண்டே இருந்தாள், அழுதாள், பரீதைக் கூப்பிட்டாள். பரீது கடையில் இருந்தான். துணி என் விரலில் சுற்றினபடியே இருந்தது. கைநீட்டினால் அவர் வாய். நான் நீட்டவில்லை. சங்கீதம் பாதிக்கு வருவதற்குள் இழுப்பு நின்றுவிட்டது. அதற்காக நான் நிறுத்தவில்லை. கடைசி வசனம் வரைக்கும் சொன்னேன், ஒரு எழுத்துப் பிசகவில்லை. அதன்பிறகு எழுந்து அவர் கண்ணை மூடிவிட்டு, கதவைத் திறந்தேன். ஜாஹிரா உள்ளே வந்து அவர் காலைத் தொட்டுப் பார்த்தாள். என் விரலில் இருந்த துணியைப் பார்த்தாள். வந்த வழியே திரும்பிப் போய்விட்டாள்.

அவள் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. என் வீட்டுக்காரரை நான்தான் சாகவிட்டேன். தெரிந்தே விட்டேன். தவறிப்போய் நடந்தது, பயத்தில் கை ஓடவில்லை என்றெல்லாம் நீங்கள் எனக்காக ஒன்றும் ஜோடிக்க வேண்டாம். போலீசுக்குச் சொல்ல வேண்டுமென்றால் சொல்லுங்கள், வந்து கேட்டால் அவர்களுக்கும் இதே வரிசையில்தான் சொல்லுவேன். ஜெயிலில் புஸ்தகம் கொடுக்காவிட்டாலும் எனக்கு ஒன்றும் குறையப்போவதில்லை.

மனந்திரும்பு என்று மட்டும் சொல்லாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்கு வருவேன், எப்போதும் உட்காருகிற இடத்தில்தான் உட்காருவேன். பீடத்துக்கு முன்னால் வந்து முழங்கால்படியிடுவேன். அப்பத்தை என் கையில் வைப்பதும் என்னைத் தாண்டிப் போவதும் உங்கள் இஷ்டம். தாண்டிப் போனால் ஏன் என்று சபைக்கு நீங்கள்தான் சொல்ல வேண்டியிருக்கும். அப்போது 'தகப்பனே'யைப் பற்றியும் சொல்லிவிடுங்கள்.

நீங்கள் நினைக்கிற மாதிரி அந்த அறையில் வெறுப்பு எதுவும் இல்லை ஐயா. ஒரு மனுஷன் தன்னை வெறுக்கிறவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு கிடப்பானா? அவர் கடைசி வரைக்கும் என் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை.